அறியாப் பொருளும் ஆசிரியர் கடனும்

மக்கள் பேச்சு மெய், பொய் என இருவகைப்படும் என்பது பள்ளிச் சிறாரும் அறிந்தது. உள்ளதை உள்ளவாறு உரைப்பது மெய். இல்லதென்று அறிந்துவைத்தும் உள்ளதென உரைப்பது பொய். ஆயினும் இவ்விரண்டனுள் எதன்கண்ணும் எளிதில் அடங்காத மூன்றாவது ஒருவகைப் பேச்சும் உலகில் மிகுதியாக வழங்குகின்றது. தான் செவ்வையாக அறியாத ஒன்றை, பிறரை வஞ்சிக்கும் எண்ணம் சிறிதுமின்றியே, அறிந்தான் போலத் துணிந்து கூறுதல் அது. இதனைப் பொய்யென்று கடிவதா, பிழையென்று பொறுப்பதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா. நீதிமன்றத்திற் சான்று கூறுவோர்க்கும் மருந்து கொடுப்போர்க்கும் இவ்வினா உரியதே. ஆயின், நாள்தோறும் இளஞ்சிறார் முன்னே நின்று அவர் கேட்கும் பலவேறு வினாக்களுக்கு விடையிறுக்கும் நம் பாடசாலை ஆசிரியர்களுக்கு இஃது ஏனையோரினும் பன்மடங்கு உரியதாகும்.

நுண்ணிய வினாவை வெறுஞ் சொற்களால் ஆராய்வதினும் கண்கூடான ஒரு பொருளின்மேல் வைத்து ஆராய்வது தெளிவு பயக்கும். ஆதலின் மட்டக்களப்பைச் சார்ந்த கல்லடியையும், அதன் இருமருங்கும் உள்ள நீர்ப்பரப்பையும் எடுத்துக்கொள்வோம். கல்லடிக்கு ஒரு புறம், வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி. மற்றொரு புறம் வங்கக்கடல். இவ்விரண்டிலும் வலை வீசியும் தூண்டிலிட்டும் வாழ்வோர் தலைமுறை தலைமுறையாக அங்கு உளர்.

இருட்பொழுதில் தோணியிலிருந்து தூண்டிலிட்டிருக்கும் ஒருவனை நினைக்க. கையிலுள்ள நூல் திடீரென இழுபடுகின்றது. அப்பொழுது அவன் உண்மையில் அறிந்தது யாது? ‘ஏதோ ஒன்று உளது’ என்னும் அவ்வளவே. இழுப்பின் வலிமை கொண்டு அதன் பருமையைக் கருதுகின்றான். இழுக்கும் முறைகொண்டு, தன் பழக்கத்தின் துணையால், அது இன்ன இனத்ததாகலாம் என்று உய்த்துணர்கின்றான். நீர்மட்டத்திற்கு வந்தபின் விளக்கொளியில் அதன் வடிவைக் காண்கின்றான். முன்னர்க் கண்ட ஒன்றனோடு அவ்வடிவு ஒத்ததாயின் பெயர் கூறுகின்றான். ஒத்ததில்லையாயின், ஒரு கணம் வாய்வாளாது நிற்கின்றான். அந்த ஒரு கணமே நம் ஆராய்ச்சிக்கு உரிய இடம். அதன்பின் அவன் நாவில் எழுவது யாது என்பதிலேதான் அறமும் மறமும் பிரிகின்றன.

சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியைப் பயின்ற ஆசிரியர்களுக்கு இப்படிகள் புதியன அல்ல. பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் வேறுபாடுகள் தோன்றாமல், ‘ஒன்று உண்டு’ என்ற அளவில் நிகழுங் காட்சி நிருவிகற்பம். அவ்வேறுபாடுகளோடு கூடி நிகழுங் காட்சி சவிகற்பம். காட்சியைக் கெடுக்குங் குற்றங்கள் ஐயமும் திரிவும் என இரண்டு. தொலைவில் நிற்பது கட்டையோ மகனோ என ஊசலாடுவது ஐயம். கிடந்த இப்பியை வெள்ளியென்றே முடிவு செய்வது திரிவு. இவ்விரண்டும் குற்றமே எனினும் ஒரு நிகரன அல்ல. ஐயம் தன்னை ஐயமென்று தானே அறியும், அறிதலின் அது தீர்வை நாடும், அருகிற் சென்று பார்க்கும், பிறரை வினாவும். திரிவோ தன்னைத் திரிவென்று அறியாது. தெளிவென்றே தன்னை மதித்திருக்கும். ஆதலின் அது மேற்செல்லாது நின்றுவிடும். ஐயமுற்றவன் வழியில் நிற்பவன். திரிவுற்றவன் ஊர் வந்து சேர்ந்தேன் என்று வழியிலே உறங்குபவன்.

இதற்கு இலங்கையின் மேற்குக்கரை வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1560ஆம் ஆண்டில் மன்னார்க் கடலில் ஆணும் பெண்ணுமாகிய ஏழு விந்தை உயிர்கள் மீனவரால் பிடிக்கப்பட்டன என்றும், அவை மனிதத் தோற்றமுடைய கடல்வாழ் மக்களே என்று கருதப்பட்டு ஆராயப்பெற்றன என்றும், கோவையிலிருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் மருத்துவரான தேமாஸ் பொஸ்கெஸ் என்பார் அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புக்கள் எல்லாவகையானும் மனித உறுப்புக்களை ஒத்தன என்று கூறினார் என்றும் சேசு சபையாரின் வரலாற்று நூல் ஒன்று குறிக்கின்றது. இங்கே கூறிய கோவை என்பது மேலைக்கடற்கரையிலுள்ள கோவா நகரம். அவ்வுயிர்கள் கடற்பசுக்களாதல் வேண்டும் என்பது பின்வந்த அறிஞர் துணிபு. மன்னார்ப் பகுதியில் ஆவுளியா என்றும் வழங்கும் இக்கடற்பசு, கடற்புல்லை மேய்ந்து வாழ்வது, மூச்செடுக்க நீர்மேல் வருவது, குட்டியீன்று பாலூட்டுவது, பெண்ணின் முலை மார்பினிடத்து அமைந்திருப்பது.

இந்நிகழ்ச்சியைக் கூறி அம்மருத்துவரை நகைப்பது எளிது. நகைத்தல் நம் நோக்கமன்று. அவர் கண்டன யாவும் பொய்யல்ல என்பதை ஓர்க. நுரையீரல் கண்டிருப்பார், மீனுக்கு அஃது இல்லை. நான்கறை நெஞ்சம் கண்டிருப்பார். மீனுக்கு அதுவும் இல்லை. கருப்பை கண்டிருப்பார். இவை மனிதர்க்கு உள்ளனவே. ஆயின் பசுவுக்கும் யானைக்கும் இவை உள்ளனவல்லவா? ‘இவ்வுயிர் மீனன்று, பாலூட்டும் விலங்குகளோடு ஒத்தது’ என்று கூறியிருப்பின் அவர் கண்ட அளவிலே நின்றவராவார், உலகமும் ஓர் உண்மையை அன்றே பெற்றிருக்கும். ‘எல்லாவகையானும் மனிதனை ஒத்தது’ என்ற அந்த ‘எல்லாவகையானும்’ என்ற சொல்லிலேதான் திரிவு புகுந்தது. கண்ணிற் குற்றமில்லை, கத்தியிற் குற்றமில்லை, கண்டதற்கு மேற்பட்டு நீண்ட நாவிலே குற்றம். கற்றார் கூற்றாதலின் அதனைப் பிறர் நம்பினர், ஏட்டிலும் ஏறியது. கல்லாதவன் பிழை அவனோடு மாயும். கற்றவன் பிழையோ நூலாகி நின்று வாழும்.

இனிக் கல்லடியின் பெரும்புதிருக்கு வருவோம். மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று வழங்குவது தமிழர் யாவரும் அறிந்தது. முழுமதி நாள்களில், காற்று அடங்கிய இரவில், கல்லடிப் பாலத்தை அடுத்த வாவிநீரில் துடுப்பின் ஒரு முனையை ஆழ்த்தி மறுமுனையிற் செவிவைத்தால் நீரினுள்ளிருந்து ஓர் இன்னொலி எழக் கேட்கும் என்பது அவ்வூரார் வழக்கு. அங்குள்ள பழைய இரும்புப் பாலம் 1924இல் அமைந்து, அக்கால ஆள்பதி மானிங்கு என்பாரின் மனைவியார் பெயர் பெற்றது. அதன் அருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. பாலங்கள் தோன்றுமுன்னரே அவ்வொலியின் புகழ் பரந்திருந்தது.

இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் தெனன்ட் என்பார் 1848இல் மட்டக்களப்பிற்குச் சென்றபொழுது, நிலவொளியில் தோணியேறி அவ்விடஞ் சென்று, தாம் கேட்டதனை 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் எழுதினார். அவ்வொலி நீடித்த ஒரே சுரமாக இராது, தனித்தனியே தெளிந்த நுண்ணொலிகள் பலவாகி, உச்சமும் மந்தமும் விரவி எழுந்தது என்றும், தோணியின் மரத்திற் செவியை வைத்தபொழுது மிகுந்து கேட்டது என்றும், வாவியின் ஓரிடத்திற் கேட்டுச் சிறிது தூரம் சென்றபின் அவிந்து முன்னைய இடத்திற்கே திரும்பியபொழுது மீண்டும் எழுந்தது என்றும் அவர் குறித்தார். கரையிலுள்ள பூச்சிகளின் ஒலியே எதிரொலித்ததோ என்று வினாவி, சூழ்நிலையை நோக்கி அதனை விலக்கினார். அதற்கு முன்னரே அவ்வூர் மீனவரை வினவியிருந்தார். அவர்கள் தாம் அதனை நன்கு அறிவதாகக் கூறி, அவ்வொலியை எழுப்புவது மீனன்று, ஊரி என்னும் சிறு சங்கினமே என்று சொல்லிச் சில சிப்பி சங்குகளைக் கொணர்ந்து காட்டினர். தெனன்டும் அவ்வாறே இருக்கலாம் என்று கருதினார். பம்பாய்த் துறைமுகத்திலும், தென்னமெரிக்காவில் சில்லி நாட்டுக் கடற்கரையிலும் இத்தகைய ஒலி கேட்கப்பட்டதையும் உடன் குறித்தார்.

மீனா, ஊரியா, வேறொன்றா? கேட்டவர் பலர், பாடும்பொழுதே பிடித்து இதுவே என்று ஐயமறக் காட்டி அறிஞர் யாவரும் உடன்பட நிறுவியவர் இலர். ஊர் வழக்கு மீன் என்கின்றது. அவ்வூர் மீனவர் சிலர் அன்று ஊரி என்றனர். கதை கூறுவார் கடற்கன்னி என்கின்றனர். இந்நிலையில் ஒரு மாணவன் எழுந்து, ‘ஐயா, கல்லடியிற் பாடுவது மெய்யாக மீன்தானா?’ என்று வினவுவானாயின் ஆசிரியர் என் செய்வார்?

மூன்று விடைகள் உண்டு. ‘ஆம், மீனே பாடுகின்றது’ என்பது ஒன்று. ‘மீனாவது பாடுவதாவது! எல்லாம் கட்டுக்கதை’ என்பது மற்றொன்று. முன்னது பழமையை நம்பியவர் விடை. பின்னது புதுமையை நம்பியவர் விடை. இரண்டும் ஒன்றற்கொன்று மாறுபட்டன போலத் தோன்றினும் உண்மையில் உடன்பிறந்தனவே. இரண்டும் ஆராயாது துணிந்தன. இரண்டும் மாணவனின் வினாவைக் கொன்றன. ‘மீன் ஒலியெழுப்பாது’ என்று மறுப்பவர் தம்மை அறிவியல் கற்றவராகக் கருதிக்கொள்ளினும், அறிவியல் அவருக்குத் துணை நிற்பதில்லை. மீன்களிற் பல தம் வயிற்றினுள் உள்ள காற்றுப்பையைத் தசைகளால் அதிர்வித்தும், எலும்பை எலும்போடு உராய்ந்தும் ஒலி செய்கின்றன. நம் கடற்கரை மீனவர் ஒரு மீனைக் கீச்சான் என்றே அழைப்பர். நீரிலிருந்து எடுத்தவுடன் கீச்சென ஒலித்தலால் வந்த பெயர் அது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவை அடுத்த சோசலிட்டோ என்னும் ஊரில், படகுவீடுகளில் வாழ்வோர் 1980களில் இரவெல்லாம் எழுந்த ஒரு முரல்வினால் உறக்கமிழந்தனர். கழிவுநீர்ப் பொறியோ, படையினரின் மறைவான செயலோ என்று பலவாறு ஐயுற்றனர். முடிவில் அது, தேரைமீன் குடும்பத்தைச் சார்ந்த ஒரு மீனின் ஆண், பெடையை அழைத்துக் காற்றுப்பையை அதிர்விக்கும் ஒலி என்று தெளியப்பட்டது. ஆகவே மீன் பாடுதல் இயலாது என்று மறுப்பதற்கு இடமில்லை. ஆயின், ஓரிடத்து மீன் ஒலித்தது என்பதனால் கல்லடியில் ஒலிப்பதும் மீனே என்று முடிப்பதற்கும் இடமில்லை. இயலும் என்பது ஒன்று. உளது என்பது பிறிதொன்று.

இனி, மறுப்போரின் பிழையைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். ஏனெனில் நம் காலத்திற் கற்றோரிடையே பெருகியுள்ளது இப்பிழையே. ‘காணப்படவில்லை, ஆதலின் இல்லை’ என்பது அவர் அனுமானம். காணாமை எப்பொழுது இன்மைக்கு ஏதுவாகும்? இருந்தால் தவறாது காணப்பட்டிருக்கும் என்னும் உறுதி உள்ளவிடத்து மட்டுமே. மேசைமேல் ஏடு இல்லை என்பதைக் காணாமையால் அறியலாம். ஆழ்கடலில் ஓருயிர் இல்லை என்பதை அவ்வாறு அறியலாகாது. சீலகாந்து என்னும் மீனின் வரலாறு இதற்குத் தக்க சான்று. பாறைகளிற் படிந்த அதன் இனத்து எச்சங்கள், ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்குப் பிற்பட்ட படிவுகளில் அறிஞர்க்குக் கிடைக்கவில்லை. ஆகவே அவ்வினம் அற்றுப்போயிற்று என்று நூல்கள் எழுதின. 1938ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள், தென்னாபிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் துறைக்கு வந்த ஒரு மீன்பிடி கப்பலின் வலையில், நீலநிறமும் தடித்த செதில்களும் கைகால் போன்ற செட்டைகளும் உடைய, ஐந்தடி நீளமுள்ள ஒரு மீன் கிடந்தது.

அந்நகர் அரும்பொருட்சாலையைப் பேணிவந்த மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் என்னும் இளம்பெண்மணி அதனைக் கண்டார். பெயர் கூற அவரால் இயலவில்லை. இயலாமையை மறைக்கவுமில்லை, குப்பையென எறியவுமில்லை. அதனைக் காத்துவைத்து, வடிவை வரைந்து, மீன்நூல் வல்லுநரான ஜே. எல். பி. ஸ்மித் என்பாருக்கு எழுதினார். 1939இல் ஸ்மித் அதனை நேரிற் கண்டு சீலகாந்தென்று தெளிந்து, அப்பெண்மணியின் பெயரையே அதன் இனப்பெயராக இட்டார். அடுத்த மீனைத் தேடி, 100 பவுண் பரிசு தருவதாகத் துண்டறிக்கைகள் அச்சிட்டுப் பரப்பினார். 1952 திசம்பரில் கொமரோத் தீவுகளில் அது கிடைத்தது. அங்கே சென்றபின் வெளிப்பட்ட செய்தியே நாம் கருத வேண்டுவது: அத்தீவுகளின் மீனவர் அம்மீனைக் கொம்பெசா என்னும் பெயரால் முன்னரே அறிந்திருந்தனர், அவர்தம் தூண்டிலில் அஃது அவ்வப்பொழுது அகப்படுவதுண்டு. நூலோர் உலகிலேயே இல்லை என்ற உயிர், கல்லா மீனவரின் தூண்டில் முனையில் இருந்தது. பின்னர் 1997-98ஆம் ஆண்டுகளில் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவை அடுத்து இவ்வினத்தின் மற்றொரு வகை அறிஞர்க்குத் தெரியவந்தபொழுதும் அங்குள்ள மீனவர் அதற்குக் ‘கடலரசன்’ என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தனர்.

இதனால் பெறப்படுவது, மீனவர் கூறுவதெல்லாம் மெய் என்பதா? அன்று. உரையளவை யாவர் உரையையும் கொள்ளும் அளவையன்று; நம்பத்தக்கோன் உரையையே கொள்வது. பொருளைத் தானே அறிந்தவனாதல், அறிந்தவாறே கூறும் விருப்பமுடையவனாதல், வஞ்சித்தலாற் பயன் கருதாதவனாதல் என்பன அவனுக்கு இலக்கணம். குலமும் பட்டமும் உடையும் அவ்விலக்கணத்தில் இடம்பெறவில்லை. தான் நாள்தோறும் கையாளும் பொருளைப்பற்றி மீனவன் கூறும் சொல்லுக்கு அவ்வளவில் மதிப்புண்டு; அதற்கு மேற்பட்டதைக் கூறின் அதற்கு மதிப்பில்லை. பேராசிரியர்க்கும் இதுவே விதி. நம் பாடசாலைகளில் மீனவர் பிள்ளைகள் பலர் பயில்கின்றனர். தந்தை கூறியதாக ஒரு சிறுவன் கொணரும் செய்தியை, நூலில் இல்லை என்ற ஒன்றே காரணமாக எள்ளி உட்காரச் செய்வது அளவை நூலுக்கும் மாறு, அறத்திற்கும் மாறு.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை காண்போம். அறியாததை அறிந்தான்போலக் கூறுதல் பொய்யா, பிழையா? அக்கூற்றினுள் இரண்டு உரைகள் பிணைந்துள்ளன. ‘இது கடற்கன்னி’ என்பது பொருளைப்பற்றிய உரை. ‘இதனை யான் ஐயமற அறிவேன்’ என்பது, வாய்விட்டுச் சொல்லாவிடினும் குரலாலும் முகத்தாலும் சொல்லப்படும், தன்னைப்பற்றிய உரை. முதலுரை தவறாயின் அது பிழை, பிழைத்தல் மக்கட்கு இயல்பு, பொறுக்கத்தக்கது. இரண்டாம் உரையோ அவ்வாறன்று. பொருளை அறிதற்கு விளக்கும் தோணியும் வேண்டும். தான் எவ்வளவு அறிவான் என்பதை அறிய ஒரு கணம் உள்ளே நோக்கினாற் போதும். நோக்காமலோ, நோக்கியும் மறைத்தோ, ‘அறிவேன்’ என்பவன், பொருளைப்பற்றிப் பிழை கூறினவன் ஆயினும் தன்னைப்பற்றிப் பொய் கூறினவனே ஆகின்றான். ஒருவேளை அவன் கூறியது மெய்யாகவே அமைந்துவிடினும் இக்குற்றம் நீங்காது. கல்லடியில் ஒலிப்பது மீனே என்று நாளை நிறுவப்படலாம். அதனால், இன்று ஆராயாது சாதித்தவர் வாய்மையாளர் ஆகிவிடார். கண்ணைக் கட்டிக்கொண்டு எறிந்த கல் காயில் பட்டதனால் எறிந்தவன் குறிவல்லான் ஆகான்.

அற்றேல், ஆசிரியர் ‘அறியேன்’ என்பாராயின் மாணவர் அவரை மதியாரே எனின், அது பொருந்தாது. பொன் வாணிகன் ஒருவன், கொணர்ந்தவற்றையெல்லாம் பார்த்த அளவிலே மாற்றுக் கூறுவானாயின் அவன் சொல்லை எவரும் நம்பார். ‘இதனை உரைத்துப் பார்த்தே கூறவேண்டும்’ என்று ஒன்றை ஒதுக்கி வைப்பவன், ஏனையவற்றிற்குக் கூறும் மாற்றையே ஊரார் நம்புவர். ஆசிரியர் கூறும் ‘அறியேன்’ என்னும் ஒரு சொல், அவர் கூறும் ‘அறிவேன்’ என்னும் நூறு சொற்களுக்கு உரைகல்லாகும். எந்நாளும் அதனைக் கூறாத ஆசிரியரிடம் பயின்ற மாணவனுக்கு, அறிந்து கூறியது எது, அறியாது கூறியது எது என்று பிரித்தறிய வழியே இல்லை. இளஞ்சிறார்க்குப் பெரும்பாலும் ஆசிரியர் உரையே அளவை. அவ்வளவை கோடுமாயின் அதனால் அளக்கப்பட்டன யாவும் கோடும்.

‘அறியேன்’ என்பது மடியர்க்குப் புகலிடம் ஆகாதோ எனின், ஆகும். ஆதலின் அதனுள்ளும் இருவகை காண வேண்டும். கதவை அடைக்கும் ‘அறியேன்’ ஒன்று. கதவைத் திறக்கும் ‘அறியேன்’ மற்றொன்று. ‘இவ்வளவு தெளியப்பட்டது, இவ்வளவு கருதப்படுகின்றது, எஞ்சியது இனித் தெளியவேண்டுவது, அதற்கு வழி இது’ என்று கூறுவதே இரண்டாவது. உழைப்பின்றி அதனைக் கூற இயலாது. தெளிந்தது எது என்று அறிந்தவனே தெளியாதது எது என்று கூற வல்லவன்.

பொருளை அறியாவிடத்தும் செயல் செய்யவேண்டி நேருமே, அப்பொழுது துணிபு வேண்டாவோ எனின், செயலிற் காக்கும் எச்சரிக்கை வேறு, சொல்லிற் காட்டும் துணிபு வேறு. அறியாத மீனொன்று தூண்டிலில் வந்தால் முள் நச்சுடையதாகலாம் என்று கையை விலக்குவது அறிவு; அதற்காக ‘இது நச்சு மீன்’ என்று சாதிக்க வேண்டுவதில்லை. பேத்தை மீனின் நஞ்சு சமைத்தாலும் அழியாது. இனம் தெரியாத ஒன்றை ‘உண்ணலாம், யான் அறிவேன்’ என்று ஒருவன் கூறிய சொல்லால் ஒரு குடும்பமே மாளக்கூடும். அறியாது துணிதல் தீங்கற்ற சிறுகுற்றம் என்று எண்ணுவோர்க்கு இஃதொன்றே போதிய விடை.

கவிஞர் நீரரமகளிர் பாடினர் என்பரே, அவரும் பொய்யரோ எனின், அல்லர். கவிஞன் தன்னைச் சாட்சியாக நம்புமாறு கேட்பதில்லை; கேட்போனும் அதனைச் சாட்சியாகக் கொள்வதில்லை. இருவரும் உடன்பட்ட புனைவில் வஞ்சனைக்கு இடமில்லை. இதனை நன்கு உணர்த்தும் வாழ்க்கை கல்லடிக்கே உரியது. காரைதீவிற் பிறந்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் நிறுவி, 1947இல் மறைந்து அவ்வித்தியாலய நிலத்திலேயே அடங்கியுள்ள விபுலாநந்த அடிகள், இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டம் பெற்றவர். மட்டக்களப்பு வாவியின் இசையை நினைந்து நீரரமகளிர் இன்னிசைப் பாடல் புனைந்தவரும் அவரே. 1947இல் அரங்கேறிய யாழ்நூலில், பழந்தமிழ் இசையின் சுருதிகளைக் கணக்கிட்டு எண்ணால் நிறுவ முயன்றவரும் அவரே. பாட்டுக்கு உரிய இடத்திற் பாட்டும், கணக்குக்கு உரிய இடத்திற் கணக்கும் நின்றன. ஒன்றை மற்றொன்றாக அவர் விற்கவில்லை. வியப்பும் ஆராய்ச்சியும் ஒரே உள்ளத்தில் இகலின்றி வாழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நாவடக்கத்தைப் பற்றிக் கூறினோம். கையடக்கமும் அதனோடு சேர்ந்ததே. முன்னர்க் கூறிய கடற்பசுவின் உறவாகிய பேருடற் கடற்பசு ஒன்றை, வட பசிபிக்குக் கடலின் ஒரு தீவருகே 1741இல் ஸ்டெல்லர் என்னும் ஆராய்ச்சியாளர் கண்டு விரிவாக எழுதினார். மெல்ல நீந்துவதும் எதிர்க்கும் ஆற்றல் இல்லாததும் ஆகிய அவ்வுயிர், இறைச்சியின் பொருட்டு வேட்டையாடப்பட்டு 1768ஆம் ஆண்டளவில் அடியோடு அழிந்தது. பெயர் பெற்று 27 ஆண்டுகளே அதற்கு வாழ்வு. ஓருயிரின் பெயரை அறிந்தமையால் அதனை அறிந்துவிட்டோம் என்றும், அறிந்துவிட்டமையால் அது நமக்கு உரியதென்றும் கருதும் செருக்கே இவ்வழிவிற்கு மூலம். தூண்டிலில் வந்தது இன்னதென்று தெரியாதபொழுது, இயலுமாயின் ஊறின்றி நீரில் விடுதலே தக்கது. அறியாதவன் நாவுக்கு ஐயம் எவ்வளவு அணியோ, அவ்வளவு அவன் கைக்கு அருள் அணியாகும்.

இவற்றையெல்லாம் வகுப்பிற் கொண்டுசெல்வது எவ்வாறு? அரிதன்று. மாணவர் ஏட்டில் மூன்று பத்தி வகுக்கச் செய்க. ‘கண்டது’ என்று ஒன்று. ‘கருதியது’ என்று ஒன்று. ‘கேட்டது’ என்று ஒன்று. வாவியருகே உள்ள பள்ளியாயின், பெரியோர் துணையுடன் முழுமதி மாலையொன்றில் நீரில் துடுப்பையிட்டுச் செவிவைத்துக் கேட்கச் செய்க. வேறிடத்துப் பள்ளியாயின், மீன்சந்தைக்கு அழைத்துச் சென்று பெயர் தெரியாத ஓர் உயிரைப் பார்க்கச் செய்க. ஒலி கேட்டதாயின் முதற்பத்தியில் எழுதட்டும். எந்த உயிரின் ஒலியென்பது இரண்டாம் பத்திக்கு உரியது. மீனவர் கூறியது மூன்றாம் பத்திக்கு உரியது, கூறியவர் தாம் கண்டு கூறினாரா, பிறரிடம் கேட்டுக் கூறினாரா என்னும் குறிப்போடு. ஒலி ஒன்றும் கேளாவிடின், ‘கேட்கவில்லை’ என்று எழுதட்டும்; ‘இல்லை’ என்று எழுதலாகாது. இவ்விரு தொடர்க்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மாணவன் தானே உணர்ந்து எழுதும் நாளில், அளவை நூலின் பெரும்பகுதி அவன் உள்ளத்திற் பதிந்துவிட்டது என்று கொள்ளலாம். இப்பயிற்சி மீனோடு நில்லாது. ஊரிற் பரவும் வதந்தியையும், அயலாரைப்பற்றி வரும் பழிச்சொல்லையும், கைப்பொறிகள் வழியே இக்காலத்தில் நொடிக்கொன்றாக வந்து விழும் செய்திகளையும் அவன் இம்மூன்று பத்திகளிற் பிரித்தே ஏற்பான். ஆராயாத ஒரு துணிபினால் ஓர் அயலான் குடி கெடுவதுண்டு என்பதை நினைக்குங்கால், மீனிற் கற்ற இப்பாடம் சிறிதன்று.

இதுகாறும் கூறியவாற்றால், அறியாமை குற்றமன்று என்பதும், அறியாமையை அறிவுபோல உடுத்தி நிறுத்துதலே குற்றம் என்பதும், அக்குற்றம் ஆசிரியரிடத்தில் தோன்றின் ஒரு தலைமுறைக்கே பரவும் என்பதும் பெறப்பட்டன. கல்லடி வாவி தன் ஒலியின் மூலத்தை இன்னும் நமக்கு முழுதும் காட்டவில்லை. அதனைத் தேடிச் செல்வோன் ஒருவன் நம் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருக்கலாம். அவனுக்கு நாம் தரத்தக்கது பொய்யான ஒரு பெயரன்று. மெய்யான ஒரு வினாவே.